வரைவில் இருந்த மரண அறிவித்தல் வெளியே தெரிந்தது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

கொக்குவிலிலிருந்து அந்த அழைப்பு காலை 6.15 மணிக்கு வந்தது. முதல் நாள் இரவு தாயாரின் மரண அறிவித்தலை எங்கள் இணையத்தளத்தில் போடுவதற்காக ஒப்படைத்த மகள்தான் பேசினார். “நாளை இரண்டு மணிக்குப் பிறகுதான் போட வேண்டும் என்று சொன்னோமே. அண்ணா வழியிலேயே பார்த்துவிட்டார்.” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கைபேசியை அவருடைய கணவர் வாங்கி மிச்சத்தைச் சொன்னார்.

ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகனுக்கு, அம்மாவுக்குக் கடுமை, உடனே புறப்பட்டு வா என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர் விமானம் ஏறிய பிறகுதான் உயிர் பிரிந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், பக்கத்தில் ஆட்கள் இருக்கச் சொல்லுவோம் என்பது குடும்பத்தின் முடிவு. இடையில் விமானம் மாறும் இடத்தில் அவர் கைபேசியைத் திறந்தார். லண்டனில் இருக்கும் மருமகன், எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்று நினைத்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டிருந்தான். எங்கள் இணையத்தளத்தின் அறிவித்தல் அட்டை அது. அம்மாவின் முகம், பெயர், “இறைவனடி சேர்ந்தார்” என்ற வரி. மீதிப் பயணம் முழுவதும் அவர் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அமர்ந்து வந்தார்.

அந்த அறிவித்தலை நாங்கள் வெளியிடவில்லை. எங்கள் தரவுத்தளத்தில் அது அப்போதும் வரைவாகவே இருந்தது. ஆனாலும் லண்டனில் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன என்பதை எழுதி வைக்க வேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு. ஆறு ஆண்டுகளாக அந்தத் தளத்தின் தொழில்நுட்ப வேலையைப் பார்ப்பவன் நான். குடும்பங்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. இதற்குக் காரணமான செருகுநிரலின் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்) பெயரையும் எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.

அறிவித்தல் மேசை

யாழ்ப்பாணத்தில் ஒரு சாவு விழுந்தால் முன்பு ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைகளுக்குள் போகும். அடுத்த நாள் பத்திரிகையில் வரும், வானொலியில் வாசிப்பார்கள். இவை இன்றும் உண்டு. ஆனால் ஒரு வீட்டின் பாதிச் சொந்தம் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும்போது, செய்தி போய்ச் சேருவது இணையத்தில் வரும் அறிவித்தலால்தான். அதைப் பார்த்துத்தான் லீவு எடுக்கிறார்கள், டிக்கெட் போடுகிறார்கள், வர முடியாதவர்கள் காணொளியில் இறுதிக் கிரியையைப் பார்க்க நேரம் ஒதுக்குகிறார்கள்.

கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். அறிவித்தல்களைத் தட்டச்சுச் செய்பவர் ஓர் அக்கா. இளம் வயதில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். “பிறப்பிடமாகவும்” எங்கே வரும், “வதிவிடமாகவும்” எங்கே வரும், காலஞ்சென்றவர்களின் பெயர்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது, பிரிந்து வாழும் மருமகளின் பெயரை எப்படிக் கேட்டு எழுதுவது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஒரு பெயர் விடுபட்டாலே தலைமுறைக்கும் மாறாத கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அறிவித்தலை எப்போது போடுவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு யாராவது நேரில் போய்ச் சொன்ன பிறகு; வைத்தியசாலையிலிருந்து உடலை வாங்கிய பிறகு; தகனத்துக்கு நேரம் குறித்த பிறகு. அதனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் எங்கள் தளத்தில் இரண்டு மூன்று அறிவித்தல்கள் முழுமையாகத் தட்டச்சுச் செய்யப்பட்டு, படத்தோடு, வரைவாகக் காத்திருக்கும். “எங்களிடம் இருக்கிறது, நீங்கள் சொன்னதும் போடுவோம்” என்று அக்கா தொலைபேசியில் சொல்லும் வாக்குறுதிதான் எங்கள் தொழில்.

கொக்குவில் அறிவித்தலை அவர் இரவு 10.25க்கு வரைவாகச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

முதல் மணித்தியாலம்

சந்தேகம் முதலில் விழுந்தது அக்காவின் மேல்தான். தவறுதலாக “வெளியிடு” என்பதை அழுத்தியிருப்பார், பிறகு பயந்து மாற்றியிருப்பார் என்று உரிமையாளர் ஐயா நினைத்தார். அக்காவை அழைத்தபோது அவர் அழுதுகொண்டே, “தம்பி, நான் அதைத் தொடவே இல்லை, நீங்கள் பாருங்கள்” என்றார். பார்த்தேன். திருத்த வரலாற்றில் இரவு 10.25க்குப் பிறகு எந்த மாற்றமும் இல்லை. உள்நுழையாத உலாவியில் அந்தப் பதிவின் முகவரியைத் திறந்தால் பக்கம் இல்லை என்று வந்தது. முகப்பில் இல்லை. மரண அறிவித்தல் பக்கத்திலும் இல்லை. அப்போது என் எண்ணமும் தவறான திசையில்தான் போனது: கடவுச்சொல் தெரிந்த யாரோ உள்ளே போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள்.

லண்டன் மருமகன் எடுத்த படத்தை வெட்டாமல் முழுதாக அனுப்பும்படி கேட்டோம். அது வந்தபோது மணி 6.50. அட்டைக்கு மேலே, படத்தின் விளிம்பில், ஊர் தெரிவுப் பெட்டியின் அடிப்பகுதி தெரிந்தது. அதில் “கொக்குவில்” என்று இருந்தது.

புலம்பெயர்ந்தவர்கள் எங்கள் தளத்துக்கு வந்ததும் முதலில் செய்வது இதுதான். தங்கள் ஊரைத் தெரிவு செய்து, ஊரில் யார் போய்விட்டார்கள் என்று பார்ப்பார்கள். அந்த வசதிக்காகவே ஓராண்டுக்கு முன்னர் ஒரு இலவசச் செருகுநிரலைச் சேர்த்திருந்தேன். என் கைபேசியில், உள்நுழையாமல், அலுவலக வைஃபையை நிறுத்திவிட்டு, தெரிவுப் பெட்டியில் கொக்குவிலைத் தொட்டேன். ஒரு சிறு வட்டம் சுழன்றது. வரிசையின் தலையில் அந்த அம்மாவின் முகம் வந்து நின்றது.

செருகுநிரல் அனுப்பிய விடையை அப்படியே ஒரு கோப்பில் சேமித்தேன்; வழங்கியின், அதாவது தளம் இயங்கும் கணினியின், பதிவேட்டைப் பிரதி எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. பிறகு அந்தச் செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றி அதை நிறுத்தினேன். சான்றை எடுத்துவிட்டு நிறுத்தியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பிரதி இல்லாமல் இந்தக் கட்டுரையின் பாதி ஊகமாகவே போயிருக்கும்.

பின்னர் அக்கா ஒன்று சொன்னார். ஊர்ப் பட்டியலில் வரைவுகள் வருவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். “நான் உள்ளே நுழைந்திருப்பதால் எனக்கு மட்டும் தெரிகிறது என்று நினைத்தேன் தம்பி.” நியாயமான எண்ணம். எந்த அலுவலகத்திலும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். உள்நுழையாமல் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

தவறு இருந்த இடம்

எங்கள் தளம் இயங்குவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். அதில் வரைவு வேறு, வெளியான பதிவு வேறு என்று இரண்டு அறைகள் கிடையாது. எல்லாப் பதிவுகளும் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் நிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வெளியானது, வரைவு, மீளாய்வுக்குக் காத்திருப்பது, குறித்த நேரத்தில் வெளியாக வேண்டியது, தனிப்பட்டது என்பவற்றுள் ஏதோ ஒன்றைக் குறிக்கும் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். “வெளியிடு” என்பதை அழுத்தும்போது அந்தச் சொல் மாறுகிறது. பதிவு அசைவதில்லை. அக்கா கோத்த அச்சுப் பக்கம் இரவில் பூட்டிய அச்சுக்கூடத்துக்குள் கிடந்தது. இங்கே அந்தப் பூட்டின் வேலையை ஒற்றைச் சொல் செய்கிறது. அட்டவணையை வாசிக்கும் ஒவ்வொரு நிரலும் அந்தச் சொல்லை மதித்துக் கேட்க வேண்டும்.

நிரல் எழுதுபவர் நிலையைக் குறிப்பிடாமல் பதிவுகளைக் கேட்டால் என்ன ஆகும்? சாதாரணப் பக்கத்தில் வேர்ட்பிரஸ் தானாகவே வெளியானவற்றை மட்டும் கொடுக்கும். இந்த நல்ல குணம்தான் எழுதுபவர்களைச் சோம்பலாக்குகிறது. நிர்வாகப் பகுதியில் கேட்டால் கதை வேறு. அங்கே ஆசிரியர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதால், வரைவு, மீளாய்வுக்குக் காத்திருப்பது, நேரம் குறித்து வைத்தது ஆகிய மூன்றையும் வேர்ட்பிரஸ் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது.

இனி வருவதுதான் சிக்கலின் முடிச்சு. பக்கத்தை முழுதாக மீளத் திறக்காமல் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க, செருகுநிரல்கள் “அட்மின்-அஜாக்ஸ்” என்ற வாசலைப் பயன்படுத்துகின்றன. பெயரில் நிர்வாகம் இருந்தாலும், செருகுநிரல் அனுமதித்தால் முகம் தெரியாத வாசகரும் அதன் வழியாக வரலாம். அந்த வாசலால் வரும் எந்தக் கோரிக்கையையும் வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதிக்குள் நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. “இஸ் அட்மின்” என்ற கட்டளை, கேட்பவர் நிர்வாகியா என்று பார்ப்பதில்லை. கேட்கும் இடம் நிர்வாகப் பகுதியா என்று மட்டும் பார்க்கிறது. வேர்ட்பிரஸின் சொந்த ஆவணங்களில் இது எழுதப்பட்டிருக்கிறது: நிர்வாகப் பகுதியிலோ அஜாக்ஸ் அழைப்பிலோ நிலையைச் சொல்லாமல் கேட்டால் வரைவு போன்ற பாதுகாக்கப்பட்ட நிலைகளும் சேரும். எழுதப்பட்டிருக்கிறது என்பதால் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

நாங்கள் பயன்படுத்திய செருகுநிரலின் நிரலைத் திறந்து பார்த்தேன். பதிவின் வகை என்ன, ஊர் எது, எத்தனை வேண்டும், எந்த ஒழுங்கில் வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தன. நிலை பற்றிய வரி மட்டும் இல்லை. வெளியானவை மட்டும் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. பக்கம் முதலில் திறக்கும்போதும், ஊரைத் தெரிவு செய்யும்போதும் தரவுத்தளத்திடம் கேட்கும் அதே வினவல்தான் ஓடுகிறது. முதல் இடத்தில் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது. இரண்டாவது இடத்தில் எல்லாவற்றையும் வாசலில் கொட்டிவிடுகிறது. எழுதியவர் முதல் இடத்தில் மட்டும் சோதித்திருப்பார். நானும் அதைத்தான் செய்தேன்.

வெளியிடாதவை இப்படிக் கசிவது இந்த ஒரு செருகுநிரலோடு நிற்பதில்லை. தேடல் பெட்டி, தொடர்புடைய பதிவுகள், நிகழ்ச்சி நாட்காட்டி என்று பதிவுகளைப் பட்டியலிடும் எந்தச் செருகுநிரலும் இதே குழியில் விழலாம். வேர்ட்பிரஸே ஒருமுறை விழுந்திருக்கிறது. முகவரியின் முடிவில் “ஸ்டாடிக்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், வெளியிடாத சில பதிவுகளை உள்நுழையாமலே பார்க்க முடிந்தது. 2019 ஒக்டோபரில் வந்த 5.2.4 பதிப்பில் அதை அடைத்தார்கள். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-17671 என்பது அதன் பதிவு எண்.

திரும்பத் திரும்ப வந்த அட்டைகள்

இதை எழுதுவது எனக்கு வலிக்கிறது, ஆனால் மற்றத் தளங்களைப் பராமரிப்பவர்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுதான்.

மூன்று மாதங்களுக்கு முன்னர் ஜேர்மனியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். “மேலும் காட்டு” என்பதை அழுத்தினால், ஏற்கெனவே பார்த்த அறிவித்தல்களில் கடைசி இரண்டு திரும்பவும் வருகின்றன. சில நாட்களில் ஒன்று மட்டும் வருகிறது. சில நாட்களில் எதுவும் திரும்ப வருவதில்லை. தற்காலிகச் சேமிப்பின் கோளாறாக இருக்கும் என்று நினைத்து அதை வெறுமையாக்கினேன். அடுத்த நாள் பார்த்தபோது சரியாக இருந்தது. கடிதத்தை மூடிவிட்டேன்.

இப்போது அதன் பொருள் விளங்குகிறது. முதல் பக்கத்தில் வெளியான பத்து அறிவித்தல்கள் வரும். “மேலும் காட்டு” அழைப்பு அஜாக்ஸ் வாசலால் போகிறது. முதல் பத்தைத் தாண்டி அடுத்த பத்தைக் கொடு என்கிறது. ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலில் வரைவுகளும் இருக்கின்றன. புதிய வரைவுகள் இரண்டு தலையில் இருந்தால், அந்த இரண்டும் வெளியான எட்டும் சேர்ந்தே பத்தாகிவிடும். பதினோராவதாக வருவது, வாசகர் ஏற்கெனவே பார்த்த ஒன்பதாவது அறிவித்தல். அதற்கடுத்தது பத்தாவது. திரும்ப வந்த அட்டைகளின் எண்ணிக்கையும் அன்று எங்களிடம் காத்திருந்த வரைவுகளின் எண்ணிக்கையும் ஒன்று. வரைவில் எதுவும் இல்லாத நாளில் எதுவும் திரும்ப வரவில்லை. தற்காலிகச் சேமிப்பை நான் வெறுமையாக்கிய மறுநாள், அக்கா வரைவுகளை வெளியிட்டு முடித்திருந்தார், அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாசகர் மூன்று மாதங்களுக்கு முன்னரே இந்த ஓட்டையை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். உங்கள் தளத்தில் “மேலும்” என்பதை அழுத்தும்போது பதிவுகள் இரட்டித்தால், வேறு எதையும் சந்தேகிப்பதற்கு முன்னர், வெளியிடாதவற்றை எண்ணிப் பாருங்கள்.

55 சொற்கள்

வெளியே போனது என்ன? அட்டையில் தெரிந்தது தலைப்பும் படமும் சுருக்கமும். சுருக்கம் தனியாக எழுதப்படாவிட்டால் வேர்ட்பிரஸ் பதிவின் முதல் 55 சொற்களை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது மூன்று நான்கு வரிகள். தமிழில் “பிறப்பிடமாகவும்” என்பது ஒரு சொல், “தம்பதிகளின்” என்பது ஒரு சொல். எங்கள் அறிவித்தல் ஒன்றின் முதல் 55 சொற்களில் இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த இடம், இறந்த நாள், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பெரும்பாலும் பிள்ளைகள் வரை வந்துவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவு. நான் சேமித்து வைத்த விடையில் அதற்கு மேலும் இருந்தது. அட்டையைத் தொட்டால் முழு அறிவித்தலும் சிறு பெட்டியில் திறக்கும் வசதி ஒன்று அந்தச் செருகுநிரலில் உண்டு. நாங்கள் அதை அணைத்து வைத்திருந்தோம். அணைத்தால் பெட்டி மட்டும்தான் திறக்காது. முழு உரையும் விடைக்குள் மறைவாக வந்துகொண்டுதான் இருந்தது. அறிவித்தலின் அடியில் “தொடர்புகளுக்கு” என்று வீட்டாரின் தொலைபேசி எண்கள் இருக்கும். வெளியாவதற்கு முன்னர் சில குடும்பங்கள் அந்த எண்களில் ஒன்றிரண்டை நீக்கச் சொல்வதும் உண்டு.

யார் யார் பார்த்தார்கள் என்பதற்குப் பதில் தேடி வழங்கியின் பதிவேட்டைத் திறந்தேன். 14 நாட்களுக்கான பதிவுகள் இருந்தன. முதல் சிரமம், நிர்வாகப் பகுதியைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு உலாவியும் சில வினாடிகளுக்கு ஒரு தடவை அதே வாசலைத் தட்டிக்கொண்டிருப்பது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற குறிப்பை வைத்து அவற்றைக் கழித்தேன். இரண்டாவது சிரமம் தீர்க்க முடியாதது. இந்தக் கோரிக்கைகள், கேட்பதை முகவரியில் காட்டாமல் உள்ளே வைத்து அனுப்பும் போஸ்ட் முறையில் போகின்றன. அவற்றின் உள்ளடக்கத்தைப் பதிவேடு எழுதி வைப்பதில்லை. எப்போது, எந்த முகவரியிலிருந்து, எத்தனை பைட் விடை என்பது தெரியும். கொக்குவிலைக் கேட்டார்களா, புங்குடுதீவைக் கேட்டார்களா என்பது தெரியாது. இரவு 10.25க்கும் காலை 6.50க்கும் இடையில் அறிவித்தல் பக்கத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் போயிருந்தன. நடுச்சாமம் நமக்கு, கனடாவில் பகல்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தோம். பார்த்ததற்குச் சான்று இல்லாத வரைவையும் பார்க்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்வது. வேறு விதமாகச் சொல்ல எங்களுக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தொலைபேசி எடுத்துச் சொன்னது

அன்று காலை வரைவில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று மீளாய்வுக்குக் காத்திருந்த சாதாரண அறிவித்தல். அன்று காலையே வெளியாக வேண்டியது. அந்தக் குடும்பம் நாங்கள் சொன்னதைக் கேட்டுப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றதற்கு உரியவர் உயிரோடு இருந்தார்.

வைத்தியர்கள் கைவிரித்த பிறகு, கடைசி நேரத்தில் பெயர்கள் விடுபட்டுவிடும் என்ற பயத்தில், முன்கூட்டியே எழுதி வைக்கும்படி கேட்கும் குடும்பங்கள் உண்டு. அக்கா திகதி வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு முழுவதையும் தட்டச்சுச் செய்து வைப்பார். மானிப்பாய்ப் பக்கம் அந்த வீடு. சொல்லாமல் விட்டுவிடலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார் ஐயா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் ஏற்கெனவே படும் துன்பத்தோடு இதுவும் எதற்கு என்பது அவர் நினைப்பு. நான் உடன்படவில்லை. வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தால், அந்த வீட்டில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் அதை எடுப்பார். அவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

நான்தான் எடுத்தேன். மகன் பேசினார். நடந்ததை முழுவதும் சொன்னேன். வரைவு, செருகுநிரல் என்றெல்லாம் சொல்லாமல், “எங்கள் தளத்தில் ஒரு பிழை இருந்தது. நீங்கள் தந்த அறிவித்தலைச் சில மணித்தியாலங்களாவது வெளியார் பார்த்திருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டோம். பிழை எங்களுடையது” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னால் யாரோ கஞ்சி காய்ச்சும் பாத்திரத்தைக் கிண்டும் சத்தம் கேட்டது.

“ஐயாவின் படமும் தெரிந்ததா?”

“தெரிந்தது.”

“சரி,” என்றார். “அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். லண்டனுக்கு மட்டும் நான் எடுத்துச் சொல்கிறேன்.”

கொக்குவில் வீட்டுக்கு ஐயாவும் நானும் நேரில் போனோம். செத்தவீட்டில் நின்று கணினி பற்றிப் பேசுவது முறையல்ல. மூத்த மகன் வந்து சேர்ந்திருந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு வந்து விளக்குகிறோம் என்று மட்டும் சொன்னோம். பிறகு போய் விளக்கினோம். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: “வேறு ஆருக்கும் இப்படி நடக்காமல் செய்துவிட்டீர்களா?”

படங்கள்

அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லும் நிலையில் நான் அன்று இருக்கவில்லை. செருகுநிரலை நிறுத்திய பிறகும் வெளியிடாத படங்கள் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மேலும் இரண்டு நாட்கள் எடுத்தன.

வேர்ட்பிரஸில் ஏற்றும் படம், பதிவு வரைவாக இருந்தாலும், ஆண்டு, மாதம் என்ற கோப்புறைகளுக்குள் யாரும் திறக்கக்கூடிய முகவரியில் இருக்கும். அக்கா கோப்புக்கு இறந்தவரின் பெயரையே வைப்பார்; தேடுவதற்கு வசதி. இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. முதலில் ஊடகத் தொகுப்பில் படங்களை ஏற்றிவிட்டு, பிறகு அறிவித்தலைத் தொடங்குவார். அப்படி ஏற்றிய படம் எந்தப் பதிவோடும் இணையாததாகக் கருதப்படும். வரைவுக்குள் நின்றுகொண்டு ஏற்றிய படத்தை, அந்த வரைவு வெளியாகும் வரை, வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ (பிற நிரல்கள் தளத்தின் தரவைக் கேட்டு வாங்கும் வழி) வெளியாருக்குக் காட்டாது. எதனோடும் இணையாத படத்தை ஊடகப் பட்டியலில் காட்டும்; தலைப்பாகக் கோப்பின் பெயரையும் சேர்த்து. ஆகவே அந்தப் பட்டியலை இடைக்கிடை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, யாழ்ப்பாணத்தில் அடுத்த அறிவித்தல் யாருடையது என்பது முகத்தோடும் பெயரோடும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். இது எந்தச் செருகுநிரலின் பிழையும் இல்லை. வேர்ட்பிரஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஊடகப் பட்டியலை உள்நுழையாதவர்களுக்கு மூடினேன். ஏற்றும் படத்தின் பெயரைப் பொருளற்ற எழுத்துகளாக மாற்றும் சிறு நிரலைச் சேர்த்தேன். கோப்புறைகளின் பட்டியல் காட்சியையும் நிறுத்தினேன்.

திருத்தம்

ஊர்ப் பட்டியலை நாங்களே எழுதினோம். ரெஸ்ட் ஏபிஐயில் தனி வழி; வெளியான பதிவுகள் மட்டும் என்று நிலை வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது; விடையில் தலைப்பு, இணைப்பு, சிறு படம் தவிர வேறொன்றும் இல்லை. யார் கேட்கலாம் என்பதை ஒவ்வொரு வழிக்கும் எழுத வேண்டும் என்பதை, 2020 இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் எச்சரிக்கையாகவே சொல்கிறது. எல்லோரும் கேட்கலாம் என்றாலும் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு காவலும் போட்டேன். உள்நுழையாதவர் அஜாக்ஸ் வாசலால் எந்தச் செருகுநிரல் வழியாகப் பதிவுகளைக் கேட்டாலும், வெளியானவை மட்டும் என்று வினவலை வழியிலேயே மாற்றும் சில வரிகள். முதல் முயற்சியில் எங்கள் படத்தொகுப்பு வெறுமையாகிவிட்டது. படங்களின் நிலை “வெளியானது” என்று இருப்பதில்லை. அவை தாய்ப்பதிவின் நிலையைப் பெறுபவை என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே காவலை அறிவித்தல்களுக்கும் செய்திகளுக்கும் மட்டும் மட்டுப்படுத்தினேன். தரவுத்தளத்தை நேரடியாக வினவும் நிரலை இது தடுக்காது. அதற்காகத்தான் பொறி வைத்திருக்கிறோம்: எங்கும் வராத ஒரு பொய்ச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட வரைவு ஒன்று எப்போதும் தளத்தில் கிடக்கிறது, கொக்குவில் ஊரின் கீழ். வெளியே உள்ள வேறொரு கணினி மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, உள்நுழையாமல், தேடல், ஊர்ப் பட்டியல், செய்தியோடை, தளவரைபடம், ஊடகப் பட்டியல் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லைத் தேடுகிறது. கிடைத்தால் என் கைபேசி அடிக்கும்.

செருகுநிரலை எழுதியவருக்கு, ஓட்டையை மீளக் காட்டும் வழியையும் திருத்த வேண்டிய ஒற்றை வரியையும் சேர்த்து எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு வேர்ட்பிரஸின் செருகுநிரல் குழுவுக்கு எழுதினேன். அவர்கள் அதைப் பட்டியலிலிருந்து மூடினார்கள். மூடினால் புதிதாக யாரும் நிறுவ முடியாது. ஏற்கெனவே நிறுவிய தளங்களில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். 2017 இல், வேர்ட்பிரஸ் 4.7, 4.7.1 பதிப்புகளில் வெளியார் பதிவுகளையே மாற்றக்கூடிய ஓட்டை இருந்தபோது, ஜனவரி 26 இல் 4.7.2 பதிப்பைக் கொடுத்துவிட்டு, பெப்ரவரி 1 வரை அந்த ஓட்டையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தார்கள்; தளங்கள் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காக. எங்களுடையதற்குத் திருத்திய பதிப்பே வரவில்லை.

நம்மிடையே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அறிவித்தலின் அடியில் இருக்கும் தொலைபேசி எண்கள் உயிரோடிருப்பவர்களுடையவை. இப்போது அந்த எண்களை வெளியிடும் நேரத்தில் மட்டும் சேர்க்கிறோம்.

மானிப்பாய் ஐயா பதினொரு நாட்களுக்குப் பிறகு காலமானார். மகன் திரும்ப எங்களிடமே வந்தார். முன்கூட்டி எழுதி வைக்கும் அறிவித்தல்களை அக்கா அதற்குள் கணினியில் ஏற்றுவதை நிறுத்தியிருந்தார், சீ.ஆர். கொப்பி ஒன்றில் கையால் எழுதி, மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கிறார். அவர் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தை மகனிடம் நீட்டினார். மகன் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, ஒரு பேரப்பிள்ளையின் பெயரில் எழுத்தைத் திருத்தி, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் திகதியைத் தானே எழுதினார்.